நாள் தள்ளுவதற்கு முன்னால்: கடலூர் மாவட்டத்து மாமியார்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய மாமியார்களுக்கு,

மருமகள் உண்டாவதற்கு முன்னாலேயே அவளுக்குச் சத்தான சாப்பாடும் மாத்திரையும் தொடங்க வேண்டும் என்கிற இந்த விஷயத்தைக் கலெக்டருக்கு எழுதியிருக்கலாம். திங்கட்கிழமை மனு கொடுக்கிற வரிசையில் நின்று ஒரு ரசீதும் வாங்கியிருக்கலாம். சுகாதாரத் துறைக்கு எழுதியிருக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேதான் சம்பளம் வாங்கினேன், யாரிடம் கொடுத்தால் எந்த மேசையில் தூங்கும் என்பதும் தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த ஒரு காரியத்தில் அவர்கள் எல்லாரையும் விட அதிகாரம் உங்களுக்குத்தான். டாக்டரம்மா மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் பார்க்கிறார். நர்ஸ் பத்து நிமிஷம். நீங்கள் தினமும் மூன்று வேளை பார்க்கிறீர்கள். குழம்புச் சட்டியில் எந்தத் துண்டு யார் தட்டில் விழும் என்று முடிவு செய்கிற கரண்டி உங்கள் கையில் இருக்கிறது. அதனால் மனுவை உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். முதலில் கடலூர் முதுநகருக்குத் தெற்கே கடலோர ஊர்களில், பிறகு பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் நிற்கிற ஊர்களில் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் சுற்றினேன். உங்களில் பல பேர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்திருக்கிறேன். நானும் மாமியார்தான். சினிமாவிலும் சீரியலிலும் நம்மை எப்படிக் காட்டுகிறார்கள் என்று தெரியும். அந்தப் பாட்டை நான் பாட வரவில்லை. என் மேல் உள்ள குற்றத்தையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் ஆரம்பிக்கிறோம். "என்ன, விசேஷம் ஏதாவது உண்டா?" கோயிலில் கேட்கிறோம், பஸ்ஸில் கேட்கிறோம், துக்க வீட்டில்கூடக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம். ஆனால் அந்தப் பெண் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று யாரும் கேட்பதில்லை. நாள் தள்ளிப் போனால்தான் அவள் தட்டு நம் கண்ணுக்குத் தெரிகிறது. மாதுளம்பழம் வாங்குகிறோம், பாதாம் ஊற வைக்கிறோம், யாராவது குங்குமப்பூ கொண்டு வந்து தருகிறார்கள். செய்வதெல்லாம் நல்ல மனசோடுதான். கொஞ்சம் தாமதமாகச் செய்கிறோம், அவ்வளவே.

எவ்வளவு தாமதம் என்று கணக்குச் சொல்கிறேன். நம் ஊரில் பெண்கள் உடனே சொல்ல மாட்டார்கள். "நாப்பத்தஞ்சு நாள் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது வழக்கம். கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளிலிருந்து 45. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் ஒன்று இருக்கிறது. முதலில் தகடாக இருந்து, ஓரங்கள் மடிந்து, ஜிப் இழுத்த மாதிரி மூடிக்கொள்ளும். கரு உண்டான 28ஆம் நாளுக்குள் அந்த வேலை முடிந்துவிடுகிறது. கடைசி விலக்கிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 42ஆம் நாள். நாம் 45ஆம் நாள் கேட்கிறோம். மூன்று நாளுக்கு முன்னாலேயே கதவு சாத்தியாகிவிட்டது.

அந்தக் குழாய் சரியாக மூடுவதற்கு வேண்டிய முக்கியமான சத்து ஃபோலிக் அமிலம். போதாவிட்டால் சில குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு திறந்தபடியே நின்றுவிடும். சில சமயம் மண்டையோடே உருவாகாது. சரியாக மூடாததற்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் மாத்திரை தடுத்துவிடாது. ஆனால் முன்பு அப்படி ஒரு குழந்தை உண்டான பெண்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 1991இல் வெளிவந்தது. கருத்தரிக்கும் முன்பிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மறுபடி அப்படி நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. ஒரு சின்ன மஞ்சள் மாத்திரைக்கு இது பெரிய வேலை.

என் பொறுப்பில் இருந்த ஓர் ஊரில் இருபத்தொரு வயதுப் பெண். ஊர்ப் பேரும் வீட்டு அடையாளமும் வேண்டாம். ஐந்தாம் மாத ஸ்கேனில் முதுகுத்தண்டு மூடவில்லை என்று வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று நான் அந்த வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பத்துப் பேர். அந்த வருஷம் கிரகணத்தன்று அவள் அரிவாள்மனையில் காய் நறுக்கினாளாம். அதுதான் காரணம் என்று தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். அவள் சுவர் ஓரம் உட்கார்ந்து, ஆமாம் நறுக்கினேன் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நான் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. எனக்கு உள்ளே வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. அவளுக்கு முதல் மாத்திரையை என் கையால்தான் கொடுத்தேன். மூன்றாம் மாதம். பேர் பதிந்த அன்று. அதற்கு முன்னால் எத்தனையோ முறை அந்தத் தெருவில் போயிருக்கிறேன். புதுப் பெண் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள், "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டுவிட்டுக் கர்ப்பிணி இருக்கிற அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் அப்போது என் பதிவேட்டிலேயே இல்லை.

இந்தச் சத்தின் கதை நம் நாட்டில் ஆரம்பித்ததுதான். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தார். மில்லில் வேலை பார்க்கும் ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையாக ரத்தம் குறைந்து சாவது ஏன் என்று பார்ப்பது அவர் வேலை. குன்னூரிலும் தங்கி ஆராய்ந்தார். கிருமியாக இருக்குமோ என்று தேடினார்கள், இல்லை. கடைசியில், ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைத் தேற்றியது. 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்தது என்ன என்பது பிறகுதான் தெரிந்தது. 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள், லத்தீனில் இலைக்கு உள்ள சொல்லையே அதற்குப் பேராக வைத்தார்கள். அதனால் நான் ஊரில் இதைக் "கீரை மாத்திரை" என்றுதான் சொல்வேன். ஒருமுறை ஒரு பெரியம்மா, "கீரையே கொல்லையில கெடக்கு, மாத்திரை எதுக்கு?" என்று மடக்கினார். நியாயமான கேள்விதான். கீரையைக் குழைய வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோமே, பாதிச் சத்து அதோடு சாக்கடைக்குப் போகிறது. மீதிக் கீரையும் தினமும் மருமகள் தட்டுக்கு வருகிறதா? வரட்டும், நல்லது. அதோடு மாத்திரையும் வேண்டும்.

தினம் 400 மைக்ரோகிராம். கரு உண்டாவதற்கு ஒரு மாதமாவது முன்னால் தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரைக்கும். எப்போது உண்டாகும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், தள்ளிப் போடுகிற எண்ணம் இல்லாத பெண்ணுக்குக் கல்யாணத்திலிருந்தே. ஒரு எச்சரிக்கை. மருந்துக் கடையில் வெறுமனே ஃபோலிக் மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் 5 மில்லிகிராம் எடுத்துத் தருவார்கள். அது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். முன்பு குறையோடு கரு உண்டானவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் போன்ற சிலருக்கு டாக்டரே கூடுதல் அளவு எழுதுவார். மற்றவர்களுக்கு அது தேவையில்லை. அட்டையைத் திருப்பி அளவைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நம் மாவட்டத்தில் பாதி வீடு விவசாய வீடு. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போடுகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அடியுரம் போடாமல் கரணையை ஊன்றிவிட்டு, ஆறாம் மாதம் மூட்டை மூட்டையாகக் கொட்டினால் பயிர் எப்படி இருக்கும்? பெண் உடம்பில் இரும்புச்சத்துக்கும் அதே கணக்கு. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தத்தில் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஒரு பங்கு, தாயின் உடம்பில் புதிதாக ஊற வேண்டிய ரத்தத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு. அவ்வளவையும் ஒன்பது மாதச் சாப்பாட்டிலிருந்தே எடுத்துவிட முடியாது, குதிரில் முன்பே இருக்க வேண்டும். பதிமூன்று வயதிலிருந்து மாதாமாதம் ரத்தம் போகிற பெண்ணுக்குக் குதிர் எங்கே நிறைந்திருக்கும்? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 11க்குக் கீழே போனால் ரத்தசோகை, கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே. 9, 8 என்று இருக்கும் பெண்கள் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். "சோம்பேறி, எப்பப் பார்த்தாலும் படுத்துக்கறா" என்று அவளைப் பற்றி என்னிடமே புகார் சொன்னவர்களும் உண்டு.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோட்டின் எண்ணெய் பட்டுத் தோல் கறுத்து உரிந்திருக்கும். நூறு கிராம் முந்திரிப் பருப்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. ஒரு நாளில் அவள் கையில் எத்தனை கிலோ புரள்கிறது! முழுசாக ஒரு பருப்பு அவள் வாய்க்குப் போவதில்லை, எண்ணி எடை போட்டுக் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கை நேர் செய்வது மாமியார்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். மனசில் கிடந்தது, சொல்லிவிட்டேன்.

உங்கள் கையில் இருப்பது பந்தி. கடலோர வீடுகளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வலை வந்த அன்று குழம்பு கமகமக்கும். மாமனாருக்கு நடுத்துண்டு. மகனுக்கு இரண்டு துண்டு, கடலுக்குப் போய் வந்த பிள்ளை. சின்னப் பிள்ளைகளுக்கு முள் எடுத்துச் சினை. பிறகு கொழுந்தன் வருவான், எப்போது வருவான் என்று தெரியாது, அவனுக்கென்று ஒரு துண்டு மூடி வைக்க வேண்டும். பிறகு மாமியார். எல்லாம் முடிந்து, தட்டுகளை எடுத்துப் போட்டு, அடுப்படியைத் துடைத்துவிட்டு, மூன்றரை மணிக்கு மருமகள் உட்காருவாள். சட்டியில் குழம்பு இருக்கும், அதில் மிளகாயும் தக்காளித் தோலும் மிதக்கும். அதில் சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிடுவாள். "மீன் குழம்பு சாப்பிட்டியா?" என்று நான் கேட்டால் "சாப்பிட்டேன் நர்சம்மா" என்பாள். அது பொய்யும் இல்லை. என் பதிவேட்டில் மீன் சாப்பிட்டாள் என்று டிக் போட்டுவிட்டு வருவேன்.

யாரும் அவளைப் பட்டினி போடவில்லை, அதுதான் விஷயம். யாரும் கெட்டவர் இல்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது பெண்ணுக்கு அழகு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நாமும் அப்படித்தான் வந்தோம். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது என்று நாமெல்லாம் பெருமையாகச் சொல்கிறோம். தைப்பூசத்துக்குப் போய் அன்னதானத்துக்கு மூட்டை அரிசி கொடுத்துவிட்டு வருகிற வீட்டிலும் மூன்றரை மணி வரைக்கும் ஒருத்தி காலி வயிற்றோடு பாத்திரம் கழுவுகிறாள்.

இப்போது காலம் மாறி, மருமகள்கள் வேலைக்குப் போகிறார்கள். காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும், புதுச்சேரிப் பக்கம் போய்விட்டு இருட்டின பிறகு திரும்புவாள். இவள் கடைசியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிடுவதே இல்லை. ஒரு டீ, ஒரு பன். இந்த வீடுகளில் விடிகாலையில் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்கிற மாமியார்களை எனக்குத் தெரியும், அவர்களைப் பற்றி யாரும் சீரியல் எடுப்பதில்லை. அந்த டப்பாவில் ஓர் அவித்த முட்டை வையுங்கள் என்பதுதான் என் விண்ணப்பம். முழுசாக வெந்த முட்டை. அரைவேக்காடு கர்ப்பத்துக்கு ஆகாது. சைவ வீடானால் சுண்டல், பச்சைப்பயறு, கெட்டித் தயிர்.

அடுத்தது மாத்திரை. நான்காம் மாதத்திலிருந்து அரசாங்கம் தருகிற சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. தினம் ஒன்று, 180 நாள். பிள்ளை பெற்ற பிறகு இன்னொரு 180 நாள். வாங்கிக்கொண்டு போகிறார்கள். அரிசிப் பானைக்குப் பின்னால், பீரோ மேல், சாமி படத்துக்குப் பின்னால் முழு அட்டை முழு அட்டையாக நான் கண்டெடுத்திருக்கிறேன். வாந்தி வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, கட்டிக்கொள்கிறது. இதெல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. மலம் கறுப்பது பயப்படுகிற விஷயம் இல்லை. குமட்டினால் ராத்திரி படுக்கப் போகும்போது போடலாம். தண்ணீரும் கீரையும் கொய்யாவும் கட்டலுக்கு நல்லது. ஆனால் "இந்த மாத்திரை தின்னா கொழந்த கறுப்பாப் பொறக்கும்" என்று அட்டையைப் பிடுங்கி வைத்த மாமியார் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். அம்மா, மாத்திரை குழந்தையைக் கறுக்க வைக்காது, குங்குமப்பூ வெளுக்க வைக்காது. குழந்தை உங்கள் வீட்டு நிறத்திலோ சம்பந்தி வீட்டு நிறத்திலோ பிறக்கும்.

இரும்பு மாத்திரையைப் பாலோடும் டீயோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் கொடுக்காதீர்கள். ஒன்றை ஒன்று உறிஞ்ச விடாது. டீ குடிப்பதானால் ஒரு மணி நேரமாவது தள்ளி. கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற பெண்ணானால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதைச் சொல்ல மறந்துபோகிற இடங்கள் நிறைய, அதனால் அழுத்திச் சொல்கிறேன். எலுமிச்சம்பழச் சாற்றோடு போட்டால் இரும்பு நன்றாகச் சேரும். நெல்லிக்காயும் அப்படித்தான்.

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறும் என்று நாம் நம்புகிறோம். மாதுளை நல்ல பழம்தான், வாங்கிக் கொடுங்கள், ஆனால் அதில் இரும்பு ரொம்பக் குறைவு. பீட்ரூட்டும் அப்படியே. அந்தக் காசில் முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, பயறு, ஆட்டுக்கறிக் கடையில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) என்று போகலாம். ஈரலை மட்டும் கர்ப்ப காலத்தில் அடிக்கடி கொடுக்க வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கொஞ்சம் வேறு மாதிரி அரிசி கலந்து வந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று முறத்தில் வைத்துப் பொறுக்கி எறிகிறீர்கள். அது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. அரசாங்கம் இலவசமாகப் போட்ட சத்தைக் கோழிக்குப் போட்டால் கோழிதான் தேறும்.

மீனைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. இருந்தாலும் ஒன்று. மீன் சூடு என்று கர்ப்பிணிக்கு நிறுத்திவிடுகிறார்கள், அது வேண்டாம். மத்தி, நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி, இந்தச் சின்ன மீன்கள்தான் குழந்தை மூளைக்கு நல்லது. விலையும் குறைவு. காரப்பொடியை முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். நிறுத்த வேண்டியது சுறா. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பாதரசத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும், அது வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தொடும். குழந்தை பெற்ற பிறகு பால் ஊற சுறாப்புட்டு நம் பழக்கம். அடியோடு விடுங்கள் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை, வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் இல்லை என்று தினமும் கருவாடு வைப்பீர்கள். அதில் உப்பு அதிகம், கால் வீங்கி ரத்த அழுத்தம் ஏறியிருக்கிற பெண்ணுக்கு ஆகாது. உப்பு என்றதும் ஞாபகம் வருகிறது, இயற்கை என்று சொல்லி அயோடின் சேர்க்காத கல் உப்புக்குப் போகிறவர்கள், வீட்டில் பிள்ளை உண்டாகப் போகிற பெண் இருந்தால் அயோடின் உப்புக்கே திரும்பிவிடுங்கள். கல் உப்பிலேயே அயோடின் சேர்த்தது கிடைக்கிறது.

பப்பாளி எல்லாருக்கும் தெரிந்த வழக்கு. நன்றாகப் பழுத்த பழத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை, பால் வடிகிற காயைத் தவிர்த்தால் போதும். "கொறச்சலா சாப்பிடு, கொழந்த பெருசானா பிரசவம் கஷ்டம்" என்பதைத்தான் நான் கடைசி வரை ஒழிக்க முடியாமல் ஓய்வு பெற்றேன். குறைவாகச் சாப்பிட்டால் குழந்தை எடை குறைந்து பிறக்கும், தாய் பலமில்லாமல் முக்குவாள். அதிலிருந்து சுகப்பிரசவம் வருவதில்லை.

மசக்கையில் சாம்பல், விபூதி, பச்சரிசி, சுவர் மண் தின்கிற பெண்ணை அதட்டாதீர்கள். கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டுத் தின்பதைத் தவிர பகைவர் கொள்ள முடியாத மண் உன் நாட்டு மண் என்று சங்க காலத்திலேயே ஒரு சேர அரசனைப் பாடியிருக்கிறார்கள். நமக்குப் பாட்டு, அவளுக்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. கையைப் பிடித்து ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

மறு பக்கமும் இருக்கிறது. செய்தி தெரிந்த அன்றிலிருந்து "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்று பலகாரத்தைத் திணிக்கிற வீடு. நான்காம் மாதத்துக்கு மேல் கூடுதலாக வேண்டியது தினம் 350 கலோரி. அதாவது ஏறத்தாழ இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். ஜாங்கிரியும் அதிரசமும் இந்தக் கணக்கில் வராது. எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா விடாமல் சொல்லி, தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கும் வந்தது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால சர்க்கரை. அந்தத் தண்ணீரைக் குடித்தால் குமட்டுகிறது என்று பாதியில் எழுந்து வந்துவிட விடாதீர்கள்.

அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் வருகிறது. அதில் மொத்தம் 4,000 ரூபாய் மட்டும் ஊட்டச்சத்துப் பெட்டகமாக இரண்டு தடவையில் வரும். பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, டானிக் எல்லாம் இருக்கும். எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த ஆவின் நெய் யார் தோசையில் போகிறது? பேரீச்சம்பழம் டப்பாவை வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் திறந்து வைத்த வீடு எனக்குத் தெரியும். அந்தப் பெண் எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் கேட்பது ஒரு மாற்றம்தான். இந்தச் சீர், மாத்திரை, வளைகாப்பு, ஐந்து வகைச் சாதம் எல்லாம் கருவுக்குப் பின்னால் வருகின்றன. ஒன்றை மட்டும் முன்னால் கொண்டு வருவோம். ஆடி. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கம் இன்னும் நம் பக்கம் இருக்கிறது. சித்திரை வெயிலில் பிரசவம் வேண்டாம் என்று ஒரு மாதம் பிரித்து வைத்தார்கள். அந்த மாதத்தை அடியுர மாதமாக வைத்துக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்ப்பதற்குக் காசு இல்லை. சம்பந்தி அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்: "சீர் தட்டு ஒண்ணு கொறஞ்சா பரவால்ல, பொண்ணுக்கு ரத்தம் பார்த்து அனுப்புங்க." குறைவாக இருந்தால் மருந்து, கூடவே ஃபோலிக் மாத்திரை. பிறகு உங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறவளுக்குத் தட்டு உங்கள் தட்டோடு சேர்த்து விழட்டும். உங்கள் மகனிடமும் சொல்லுங்கள், அவன் பிடிக்கிற சிகரெட் புகை அவளுக்கும் போகிறது, பிள்ளை வேண்டும் என்றால் வெளியே போய்ப் பிடிப்பது பாதி வேலைதான், விடுவதுதான் முழு வேலை.

இப்போது என் குற்றம். என் மூத்த மருமகள் வந்தது நான் வேலையில் இருந்தபோது. ஊர் முழுக்க மாத்திரை கொடுத்த கை. என் அலமாரியில் அட்டைகள் அடுக்கியிருந்தன. கல்யாணமாகி ஐந்து மாதம் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் மாத்திரை நீட்டினால் "சீக்கிரம் பெத்துக்கொடு" என்று அவசரப்படுத்துவதாக நினைப்பாளோ என்று கூச்சம். நாள் தள்ளி 50ஆம் நாள் மகன்தான் சொன்னான். அன்றைக்கு அட்டையோடு போய் நின்றேன். ரத்தம் 8.6. என் பக்கத்திலேயே உட்கார்ந்து தினம் சாப்பிட்ட பெண். இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று எழுதினேனே, அதுவும் சரியில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் நின்றுகொண்டிருந்தாள். பேரன் இரண்டு கிலோ இருநூறு கிராமில் பிறந்தான். இப்போது பத்து வயது, நன்றாக இருக்கிறான், கடவுள் புண்ணியம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பிறந்த முதல் பதினைந்து நாள் நான் தூங்கவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

இளையவனுக்கு வருகிற தையில் கல்யாணம். பெண் பண்ருட்டிப் பக்கம். நிச்சயம் முடிந்த கையோடு, கூச்சத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பெண்ணிடமே போனில் சொன்னேன். பிள்ளை எப்போது என்பது உங்கள் இரண்டு பேர் பாடு, எனக்கு அவசரமில்லை, ரத்தத்தை மட்டும் இப்போதே பார்த்துவிடு என்றேன். போன வாரம் கூப்பிட்டாள்.

"அத்தை, எனக்கு 10.4. மாத்திரை குடுத்திருக்காங்க, ஆரம்பிச்சிட்டேன்."

"சரிம்மா. டீயோட போடாதே."

"தெரியும் அத்தை." கொஞ்சம் நிறுத்தினாள். "கூட வந்த அம்மாவுக்கும் சும்மா பார்க்கச் சொன்னேன். அம்மாவுக்கு 7.9. அவங்க தனக்கு ஒண்ணும் இல்லேங்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. சொல்றீங்களா?"

நாளைக்குக் காலையில் பஸ் ஏறிப் போகப் போகிறேன். சம்பந்தி அம்மாவுக்கு 46 வயது. அவரும் இந்தத் தையிலிருந்து மாமியார்தான்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கடலூர்